டிக்லியின் இரத்தம் வழங்கிய மூன்று தீர்ப்புகள்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அப்புறம் வெகுகாலம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு ஒருவழியாகக் 'குழந்தைகளுக்கான முழுமையான உணவு ஒவ்வாமை இரத்தப் பரிசோதனைத் தொகுப்பை'க் கண்டுபிடித்தது. முதல் இரண்டுக்கும் பள்ளிப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. மூன்றாவதற்கு இன்னும் இல்லை. இது வடிகட்டின நன்றிகெட்டதனம்.

அந்தத் தொகுப்பு வருவதற்கு முன்பிருந்த இருண்ட காலத்தை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. ஒரு பண்டம் குழந்தைக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரியவேண்டுமானால், அந்தக் காலத்து மனிதர்கள் அதைக் குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தின்றுவிட்டு விளையாட ஓடினால் ஒத்துக்கொண்டது. முகம் வீங்கி வாந்தியெடுத்தால் ஒத்துக்கொள்ளவில்லை. முத்திரை கிடையாது, கையெழுத்து கிடையாது, வண்ணப்படம் கிடையாது. இப்படி ஓர் ஆதாரமும் இல்லாமல் சாப்பிட்டுச் சாப்பிட்டே அவர்கள் எப்படி நம் காலம்வரை வந்து சேர்ந்தார்கள் என்பது தனியே ஆராயவேண்டிய விஷயம்.

கொல்கத்தாவில் பாக்பஜார் மல்லிக் வீட்டுக்குள் விஞ்ஞான ஒளி புகுந்தது ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமையில். வீட்டின் இளைய மகன் ஹிமாத்ரி; அவருடைய ஒரே மகள் டிக்லி, ஏழு வயது. அவளுடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு காணப்பட்டது.

"கொசு கடிச்சுது, ஜெட்டு," என்றாள் டிக்லி.

ஜெட்டு என்றால் பெரியப்பா. ஹிமாத்ரியின் அண்ணன் பிரணதோஷ் மல்லிக். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தலைமை தாங்க எதுவும் அகப்படாமல் தவித்துக்கொண்டிருந்தவர். தடிப்பின் மேல் பூதக்கண்ணாடியை வைத்து அவர் நெடுநேரம் பார்த்தார்.

"கொசுவே வந்து உங்கிட்ட சொல்லுச்சா?"

"இல்ல. பார்த்தேன். அடிச்சேன். செத்துப்போச்சு."

"சாட்சியையும் கொன்னாச்சு," என்று பெருமூச்சு விட்டார் ஜெட்டு. "ஹிமாத்ரி, இது சாப்பாட்டு அலர்ஜி. இரத்தத்தைப் பார்த்துடணும்."

"பார்க்கலாம், பொர்தா," என்று அண்ணனுக்குப் பதில் சொன்னார் ஹிமாத்ரி.

ஹிமாத்ரி மீன்வளத் துறையில் தலைமை எழுத்தர். 'பார்க்கலாம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பதவி உயர்வு பெற்றவர். ஆம் என்றால் ஒருத்தர் கோபிப்பார், இல்லை என்றால் இன்னொருத்தர் கோபிப்பார். பார்க்கலாம் என்றால் இரண்டு பேரும் போய்விட்டு நாளைக்கு வருவார்கள். இந்த வித்தை அலுவலகத்தில் கற்றதல்ல. வீட்டில் கற்றது.

மல்லிக் குடும்பம் கங்கையின் இந்தக் கரைக்காரர்கள், கோட்டிகள். ஹிமாத்ரியின் மனைவி ஈஷிதாவின் பிறந்த வீடான குஹா குடும்பம், பத்மா நதிக்கு அப்பாலிருந்து வந்து ஜாதவ்பூர் பக்கம் குடியேறிய பாங்கால்கள். கால்பந்தில் கோட்டிக்கு மோகன் பகான், பாங்காலுக்கு ஈஸ்ட் பெங்கால். சாப்பாட்டில் கோட்டிக்கு இறால், பாங்காலுக்கு இலிஷ் என்கிற ஹில்சா மீன். ஒரு தரப்பு பருப்பில் சர்க்கரை போடும். மறு தரப்பு அதை வாயில் வைத்துவிட்டு எதுவும் சொல்லாது, முகத்தாலேயே சொல்லும். இந்த இரண்டு வீடுகளும் சம்பந்தம் செய்துகொண்டபோது முகூர்த்தம் குறிப்பதைவிட மீன் விவகாரத்துக்குத்தான் அதிகம் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு ஞாயிறு இறால், மறு ஞாயிறு இலிஷ் என்று உடன்படிக்கை ஆயிற்று. அதன்படி பிறந்து வளர்ந்த டிக்லி இரண்டையும் ஒரே ஆசையோடு தின்றாள். கொள்கைப் பிடிப்பு கொஞ்சமும் இல்லாத குழந்தை.

ஷ்யாம்பஜாரிலிருந்து 'நிர்ணய்' ஆய்வகத்தின் ஆள் குளிர்ப்பெட்டியோடு வந்து சேர்வதற்குள் தடிப்பு மறைந்துவிட்டது. இதை ஈஷிதா எடுத்துச் சொன்னாள்.

"குற்றவாளி ஊரைவிட்டு ஓடிட்டா கேஸை மூடிடறதா?" என்று கேட்டார் ஜெட்டு. இந்தக் கதையில் தடிப்பின் பங்கு இத்தோடு முடிந்தது. இனி யாரும் அதைப் பற்றிப் பேசப்போவதில்லை.

டிக்லி கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தாள். ஜெட்டு ஒரு காலையும் ஹிமாத்ரி ஒரு காலையும் பிடித்து வெளியே இழுத்தார்கள். குழாய் நிறைய இரத்தம் எடுத்துக்கொண்டு, "பயப்படாதீங்க, நம்ம தொகுப்புல எதுவும் தப்பாது. போன மாசம் பார்த்த அத்தனை குழந்தைக்கும் ஏதாவது ஒண்ணு இருந்துச்சு," என்று ஆய்வக ஆள் பெருமையோடு சொல்லிவிட்டுப் போனார்.

அறிக்கை வழவழப்பான தாளில், வண்ணத்தில் வந்தது. பச்சை என்றால் சாப்பிடலாம், மஞ்சள் என்றால் யோசிக்கவும், சிவப்பு என்றால் தொடக்கூடாது. ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் அதன் படம். ஜெட்டு குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, குடும்பத்தை முன்னறையில் கூட்டி உட்காரவைத்து வாசித்தார். அரிசி, பச்சை. உருளை, பச்சை. முட்டை, மஞ்சள். இறால் வந்ததும் குரலை உயர்த்தினார்.

"இறால். பச்சை."

அடுத்த வரியில் அவருடைய கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது. தாளை ஈஷிதாவின் பக்கமாகத் திருப்பிக் காட்டினார். இலிஷ் மீனின் அழகிய படம். பக்கத்தில் தாளின் உச்சிவரை எழும்பிய சிவப்புக் கம்பம்.

"நான் எதுவும் சொல்லலம்மா," என்றார் ஜெட்டு. "இரத்தம் சொல்லுது. இது மல்லிக் வம்சத்து இரத்தம். பத்மா நதி மீனை உள்ள விட மாட்டேங்குது. நீ எத்தனை வருஷம் ஊட்டினாலும் இரத்தத்தை ஏமாத்த முடியுமா?"

"பத்து மாசமும் நான் இலிஷ்தான் சாப்பிட்டேன்," என்றாள் ஈஷிதா. "அதுலதான் அவளுக்குக் கண்ணு மூக்கெல்லாம் வந்துச்சு."

"கண்ணு மூக்கு வெளியில இருக்கறது. நான் உள்ள இருக்கறதைச் சொல்றேன்."

"ஏங்க, நீங்க ஏதாவது பேசுங்க," என்று ஈஷிதா கணவனைப் பார்த்தாள்.

"பார்க்கலாம்," என்றார் ஹிமாத்ரி.

டிக்லி சந்தேகத்தோடு கையை உயர்த்தினாள், பள்ளிக்கூடத்தில் உயர்த்துவதுபோல. "அப்ப நான் அம்மா வீட்டுப் பொண்ணு இல்லையா?"

"மல்லிக் வீட்டுப் பொண்ணுடி நீ. எழுத்துலயே இருக்கு," என்று அவள் தலையைத் தடவினார் ஜெட்டு.

அன்று சாயங்காலமே ஈஷிதாவின் அண்ணன் பொல்டு வந்து இறங்கினார். அவருக்கு வேறு நல்ல பெயர் ஒன்று உண்டு. வாக்காளர் பட்டியலுக்கு மட்டும்தான் அது தெரியும். ஈஸ்ட் பெங்கால் தோற்றால் அடுத்த ஆட்டம்வரை சவரம் செய்யாதவர். அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"மல்லிக் மஷாய், இது எந்த ஊர் லேப்?"

"ஷ்யாம்பஜார்."

"அதானே. ஷ்யாம்பஜார் லேப்ல ஷ்யாம்பஜார் ரிசல்ட்தான் வரும். அந்த மிஷினுக்குத் தண்ணி ஊத்தறவன்கூட மோகன் பகான்தான். எங்க ஊர்ல கொண்டுவந்து குடுங்க, இரத்தம் என்ன பேசுதுன்னு பார்ப்போம்."

"விஞ்ஞானத்துக்கு ஊர் ஏது, பொல்டு பாபு?"

"ஊர் இல்லேன்னா எங்க ஊர்ல பண்ணறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?"

இந்த வாதத்தில் ஓட்டை இல்லாததால் டிக்லி மறுபடியும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கப்பட்டாள். ஜாதவ்பூரின் 'சத்யசந்தா' ஆய்வகம் பாரபட்சமில்லாமல் ஆராய்ந்து, தங்க ஓரம் போட்ட தாளில் தீர்ப்பு அனுப்பியது. இலிஷ், பச்சை. இறால், அடர் சிவப்பு.

பொல்டு மாமா அந்தத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு டாக்ஸியில் வந்தார். மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. "மருமகளே, என் செல்லமே, நீ எங்க பொண்ணுன்னு ஆயிடுச்சு." ஈஷிதா தெருவுக்கெல்லாம் சந்தேஷ் வாங்கிக் கொடுத்தாள். குழந்தைக்கு இறால் ஒத்துக்காது என்று ஒரு தாய் இனிப்பு வழங்குவதைக் கண்ட பக்கத்து வீட்டார் குழம்பினார்கள். ஆனாலும் சந்தேஷைத் தின்றார்கள்.

ஜெட்டு இரண்டு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் நாள் அறையை விட்டு வெளியே வந்து, "மேல்முறையீடு," என்றார்.

இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் நடுநிலையான ஆய்வகம் வேண்டும். மீனில் அக்கறையில்லாத, கால்பந்தில் பற்றில்லாத மனிதர் நடத்தும் ஆய்வகமாக இருக்க வேண்டும். இந்த ஊரில் அப்படி ஒருவர் இருப்பாரா என்ற சந்தேகம் எழுந்தது. தேடிப் பிடித்தார்கள். புர்ராபஜாரில் ஜுகல்கிஷோர்ஜி என்ற தாவர உணவுக்காரர். ஜெட்டுவும் பொல்டுவும் ஒரே ரிக்‌ஷாவில் ஏறிப் போய் அவருடைய நடுநிலைமையை நேரடியாகச் சோதித்தார்கள்.

"மீன் சாப்பிடுவீங்களா?"

"ராம் ராம்."

"வாசனையாவது பிடிக்குமா?"

"அந்தத் தெரு வழியாவே போக மாட்டேன் பாபு."

"ஃபுட்பால்?"

"அது யார் ஆடறது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார்கள். அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. ஹிமாத்ரியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

டிக்லி மூன்றாவது முறை கட்டிலுக்கு அடியில் போகவில்லை. அங்கே போவதில் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

நடுநிலை ஆய்வகம் தன் பெயருக்கேற்ப யாரையும் விட்டுவைக்கவில்லை. இலிஷ் சிவப்பு. இறால் சிவப்பு. அரிசி, உருளை, கடுகு, கசகசா, பால், முட்டை, பொரி, பருப்பு எல்லாமே சிவப்பு. டிக்லியின் வயிற்றுக்குள் இதுவரை போன அத்தனையும் வரிசையாகக் கூண்டில் ஏற்றப்பட்டிருந்தன. பச்சையில் இருந்தவை இவை: ரை தானியம், பக்வீட், அவகாடோ, சிப்பி, வான்கோழி, கலைமான் இறைச்சி. அதாவது அவள் பிறந்ததிலிருந்து கண்ணால்கூடப் பார்க்காத எதனோடும் அவளுடைய இரத்தத்துக்கு எந்த மனஸ்தாபமும் இல்லை.

ஜெட்டு அன்றே புது மார்க்கெட்டுக்குப் போய்க் கலைமான் கேட்டார். கடைக்காரர் கொஞ்சமும் அசராமல், "இப்ப சீசன் இல்ல, பாபு," என்றார்.

நியாயமாகப் பார்த்தால் மூன்று ஆய்வகங்கள் ஒரே குழந்தையைப் பற்றி மூன்று விதமாகச் சொன்னபோது யாருக்காவது லேசாக ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாறாக, ஒரு மாபெரும் சமாதானம் வந்தது. இரண்டு மீனும் தோற்றுவிட்டதால் இரண்டு தரப்புக்கும் மானம் போகவில்லை, ஆட்டம் டிரா. 'டிக்லி உணவுப் பாதுகாப்புக் கூட்டுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் ஜெட்டு, துணைத் தலைவர் பொல்டு மாமா, சமையல் பொறுப்பு ஈஷிதா. எல்லா முடிவையும் 'பரிசீலிக்க' ஹிமாத்ரி. சனிக்கிழமைதோறும் கூட்டம். தேநீரும் மீன் கட்லெட்டும் வழங்கப்படும், உறுப்பினர்களுக்கு.

குழுவின் முதல் தீர்மானத்தின்படி டிக்லிக்குக் காலையில் பக்வீட் கஞ்சி, மதியம் ரை ரொட்டியும் அவகாடோவும், இரவு மறுபடியும் பக்வீட். அவளுடைய பிறந்தநாள் இடையில் வந்து தொலைத்தது. பிறந்தநாளுக்குப் பாயேஷ் வைக்காத வங்காளி வீடு உண்டா? அரிசி சிவப்பு, பால் சிவப்பு. குழு கூடியது.

"பக்வீட்டைத் தண்ணில வேகவச்சு, மேல ஒரு மெழுகுவத்தி நட்டுடலாம்," என்றார் பொல்டு மாமா.

"அதுக்குப் பேரு பாயேஷா?" என்று கேட்டாள் ஈஷிதா.

"பேரு முக்கியமில்ல, பாதுகாப்புதான் முக்கியம்," என்றார் ஜெட்டு. "இல்லேன்னா நிலைமை சீரடையறவரைக்கும் பிறந்தநாளைத் தள்ளிப் போடலாம். ஹிமாத்ரி, நீ என்ன சொல்ற?"

"பார்க்கலாம்," என்றார் ஹிமாத்ரி. அப்படித்தான் டிக்லிக்கு அந்த வருஷம் வயது ஏறுவது ஒத்திவைக்கப்பட்டது.

டிக்லியின் பாவாடை இடுப்பில் நிற்காமல், நாடாவை நாளுக்கு நாள் இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அலர்ஜி முத்திப்போச்சு," என்று ஜெட்டு கவலைப்பட்டார். "நல்லவேளை, நாம கண்டுபிடிச்சோம், இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க." குழு மனதார வருந்தி ரை ரொட்டியில் ஒரு துண்டைக் கூட்டியது.

ஒரு மத்தியானம் ஹிமாத்ரி தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். பின்கட்டு ஜன்னலோரம் டிக்லி தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எதிர்வீட்டுச் சமையலறையில் கடுகெண்ணெயில் மீன் பொரியும் நேரம். சுள்ளென்று அந்த வாசனை சந்து முழுக்க நிரம்பியிருந்தது. டிக்லி ரை ரொட்டியை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிக் கொஞ்ச நேரம் காட்டினாள். பிறகு அவசரமாக உள்ளே இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தாள்.

"என்ன பண்ற டிக்லி?"

அவள் திடுக்கிட்டாள். "வாசனையோட சாப்பிடறேன், பாபா. வாசனை ரிப்போர்ட்ல இல்ல. நான் பார்த்துட்டேன்."

ஹிமாத்ரிக்குத் தலைவலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரையும் கேட்காமல், எதையும் பரிசீலிக்காமல், மறுநாள் குழந்தையைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போவதென்று முடிவு செய்தார். ஆனால் ஒரு முடிவை எடுத்துவிட்டு அதை மனதுக்குள் வைத்திருக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அன்று சாயங்காலமே ஈஷிதாவிடம் சொன்னார். ஈஷிதா அண்ணனிடம் சொன்னாள். ஆக மறுநாள் அரசுக் குழந்தைகள் மருத்துவமனை வரிசையில் கூட்டுக் குழு முழு எண்ணிக்கையில் நின்றது.

டாக்டர் ருக்ஸானா லஸ்கர் ஒல்லியான, சளி பிடித்த, நேரமில்லாத பெண்மணி. ஜெட்டு மூன்று அறிக்கைகளையும் மேஜையில் பரப்பினார். டாக்டர் அவற்றை ஓரமாக நகர்த்தி அவற்றின்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். ஜெட்டுவின் முகத்தில் சுருக்கென்று வலி தெரிந்தது.

"குழந்தை எதைச் சாப்பிட்டப்போ என்ன ஆச்சு?" என்று கேட்டார் டாக்டர்.

"ரிப்போர்ட்ல..."

"ரிப்போர்ட்டை யாரும் சாப்பிடலையே. குழந்தை மீன் சாப்பிட்டப்போ மூச்சு திணறிச்சா? உதடு வீங்கிச்சா? வாந்தி எடுத்தாளா?"

ஜெட்டு பொல்டுவைப் பார்த்தார். பொல்டு ஈஷிதாவைப் பார்த்தார். ஈஷிதா ஹிமாத்ரியைப் பார்த்தாள். ஹிமாத்ரி பார்க்க யாரும் மிச்சமில்லாததால் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். இத்தனை கூட்டத்தில், இத்தனை தீர்மானத்தில், இந்த ஒரு கேள்வி மட்டும் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

டாக்டர் டிக்லியிடம் திரும்பினார். "நீ சொல்லு. இலிஷ் சாப்பிட்டா உனக்கு என்ன ஆகும்?"

டிக்லி நன்றாக யோசித்தாள். "இன்னொரு துண்டு கேப்பேன்."

"இறால் சாப்பிட்டா?"

"அதுக்கும்."

டாக்டர் மூக்கைச் சிந்திக்கொண்டார். "ஒரு சாப்பாட்டால உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தா, அதுதானான்னு உறுதி பண்ண இந்த டெஸ்ட் உதவும். ஒண்ணுமே ஆகாத குழந்தைக்கு இதைப் பண்ணினா, அந்தச் சாப்பாடு இரத்தத்துக்கு அறிமுகம்னு மட்டும்தான் சொல்லும். அறிமுகமானவங்க எல்லாம் விரோதியா? அப்படிப் பார்த்தா நீங்க நாலு பேரும் ஒரே பெஞ்சுல உக்கார முடியாதே."

நாலு பேரும் அந்த நிமிஷத்தில் ஒரே பெஞ்சில்தான் மிகுந்த சிரமத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் சொன்னாலும் நம்ப மாட்டீங்க," என்றார் டாக்டர். "வர்ற புதன்கிழமை வார்டுக்கு வாங்க. ரெண்டு மீனையும் சமைச்சு எடுத்துட்டு வாங்க. என் கண்ணு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடட்டும். ஏதாவது ஆனா பார்த்துக்க மருந்தும் நர்ஸும் பக்கத்துல இருக்கு."

டாக்டர் நல்லெண்ணத்தோடு சொன்னார். பாவம், அவர் எந்த அணியும் இல்லாதவர்போல. பாக்பஜாரும் ஜாதவ்பூரும் இதைக் கேட்டது வேறு காதால்.

புதன்கிழமை ஜெட்டு பித்தளை அடுக்கில் தேங்காய்ப்பால் விட்ட இறாலும், பொல்டு மாமா ஹாட்பாக்ஸில் கடுகு அரைத்த இலிஷும் கொண்டுவந்தார்கள். ஜெட்டுவின் தோளில் மோகன் பகான் நிறமான பச்சையும் அரக்கும் கலந்த துண்டு. பொல்டுவின் கழுத்தில் ஈஸ்ட் பெங்காலின் சிவப்பும் மஞ்சளும். முதலில் யாருடைய மீன் என்பதில் தகராறு வந்தது. நர்ஸ் தன் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டினார். இறால் வென்றது. வராந்தாவில் இருந்த மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் விஷயம் தெரிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வார்டு சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

டிக்லி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். டாக்டர் முதலில் நகத்தளவு கொடுத்துக் காத்திருந்தார். பிறகு கொஞ்சம். பிறகு ஒரு முழு இறால். டிக்லி அதன் தலையைக்கூடக் கடித்து உறிஞ்சினாள்.

அப்போதுதான் ஹிமாத்ரி தற்செயலாக நிமிர்ந்தார். பொல்டு மாமா குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு முணுமுணுத்தது. அந்த முணுமுணுப்பு ஹிமாத்ரிக்குத் தெரிந்ததுதான். எதிரணிக்கு பெனால்டி கிடைக்கும்போது, பந்து வெளியே போகவேண்டும் என்று மைதானத்தில் அவர் முணுமுணுப்பது. சற்று நேரம் கழித்து இலிஷ் வந்தபோது பூதக்கண்ணாடியோடு முன்னால் சாய்ந்தவர் ஜெட்டு. 'வரும், வரும்' என்று அவர் கண்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ஈஷிதாவோ இறால் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, இலிஷ் போகும்போது மட்டும் கைகூப்பியிருந்தாள்.

இத்தனை பேரும் அந்தக் குழந்தையின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதே உயிர்கள், அவள் உடம்பில் ஒரு தடிப்பு வராதா என்று ஏங்கிக்கொண்டு நிற்கின்றன. முதல் இறால் போனபோது தன் மனதுக்குள்ளும் 'பாக்பஜார் தப்பிச்சுது' என்று ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சு விட்டதை ஹிமாத்ரி உணர்ந்தார். வெட்கமாக இருந்தது.

காத்திருந்தார்கள். நர்ஸ் நாடி பார்த்தார், வயிற்றைத் தொட்டார், முதுகைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. டிக்லி ஒரு ஏப்பம் விட்டாள். அதை மருத்துவக் குறிப்பில் சேர்க்கலாமா என்று ஜெட்டு கேட்டார். டாக்டர் மறுத்துவிட்டார்.

"ஒரு சின்னத் தடிப்புகூட வரலியா?" என்றார் பொல்டு மாமா, கடைசி நிமிஷத்தில் கோல் வாங்கியவர் குரலில்.

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த வார்டுல தடிப்பு வந்துடுச்சேன்னு அழறவங்களைப் பார்த்திருக்கேன். வரலியேன்னு முகம் தொங்கிப்போனவங்களை இன்னிக்குத்தான் பார்க்கறேன். குழந்தைக்கு ஒரு அலர்ஜியும் இல்ல. பசிதான் இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ஒழுங்காச் சோறு போடுங்க."

குழு தன் பாத்திரங்களை மூடத் தொடங்கியது. ஜெட்டு, தேநீர்க் கறை படிந்திருந்த அறிக்கைகளைக் கைக்குட்டையால் துடைத்து உறைக்குள் போட்டார். டிக்லி தட்டின் ஓரத்திலிருந்த கடுகு மசாலாவை விரலால் வழித்து நக்கினாள். முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு இரத்தக் களை வந்திருந்தது. திடீரென்று ஏதோ கணக்கு இடித்ததுபோல அவள் நிறுத்தினாள்.

"ஜெட்டு, இறால் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல. மாமா, இலிஷும் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகல. அப்ப நான் யாரு வீட்டுப் பொண்ணு?"

ஜெட்டு மின்விசிறியைப் பார்த்தார். பொல்டு மாமாவுக்கு ஹாட்பாக்ஸின் மூடி சரியாகப் பொருந்தவே மாட்டேனென்றது. ஈஷிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹிமாத்ரி கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை அவர் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. "நீ என் பொண்ணு. உன் அம்மாவோட பொண்ணு. ரெண்டு பேரோட பொண்ணும்தான். அதுல என்னடி சந்தேகம்?"

டிக்லி அப்பாவை நம்ப மிகவும் விரும்பினாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் விவரம் தெரிந்த பெண் ஆயிற்றே.

"அது ரிப்போர்ட்ல இருக்கா, பாபா?"

அவர் கண் அண்ணன் கையிலிருந்த உறையின் மேல் போயிற்று. டிக்லியும் அதைப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையைத் தானே தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, டாக்டரிடம் கையை நீட்டினாள். அழவில்லை. கண்ணைக்கூட மூடிக்கொள்ளவில்லை.

"இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க, டாக்டர். இந்தத் தடவை சரியாச் சொல்லும்."

பெற்றவன் சொல்லை ஊசியால் சரிபார்க்கக் கற்றுக்கொண்டுவிட்ட குழந்தை. விஞ்ஞானத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன வேண்டும். ஆனால் பெருமை முழுவதையும் ஆய்வகங்களுக்கே கொடுத்துவிடுவது நியாயமில்லை. இப்படி ஒரு வேலையை ஊசியால் தனியாகச் செய்திருக்க முடியாது. குடும்பமே கூடி உழைத்தது.